தாராவியில் தைத்த தோள்வார்

கேமராப் பையின் கொக்கி உடைந்தால் புதுப் பை வாங்கச் சொல்கிறது கடைத்தெரு. மும்பையின் தோல் சந்துகளில் அதை ஒரே பிற்பகலில் சரிசெய்து தருகிறார்கள். இந்த வசதி இன்னும் எத்தனை காலத்துக்கு என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்க நடைபாலத்தை விட்டு இறங்கும் கூட்டத்தில் எல்லோர் கையிலும் ஏதாவது இருக்கிறது. சாப்பாட்டு டப்பா, துணி மூட்டை, பழைய பிளாஸ்டிக் நிரம்பிய சாக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தக் கூட்டத்தோடு இறங்கிய முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஒரு கறுப்புப் பையைக் கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்திருந்தார். பையின் ஒரு பக்கத்திலிருந்து அதன் வார் தரையைத் தொடும்படி தொங்கியது. வாரின் முனையில் பாதி உடைந்த கொக்கி.

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவர் தொழில். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். அவர் பிறந்து வளர்ந்தது முலுண்டில். பைக்குள் இரண்டு கேமராக்கள், இரண்டு ஜூம் லென்ஸ்கள், ஒரு ஃப்ளாஷ், பேட்டரிகள், சார்ஜர். எல்லாம் சேர்ந்து 7 கிலோ. விலை 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அதில் பாதிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாளுக்கு முன் தாதர் நிலையத்தில் படி இறங்கும்போது தோளில் திடீரென்று கனம் குறைந்தது. பை நேராகக் கீழே போய், முன்னால் இறங்கிக்கொண்டிருந்த பூக்காரப் பெண்மணியின் சாமந்திக் கூடையில் விழுந்தது. பூச்சந்தைக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் இருப்பதன் அருமை அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. நசுங்கிய பூவுக்கு 300 ரூபாய் கொடுத்தார்.

வீட்டில் வைத்துப் பார்த்தபோது வாரில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பையோடு அதைப் பிடித்திருந்த கொக்கிதான் கழுத்தில் முறிந்திருந்தது. முறிந்த இடம் உப்புக்கல்லை உடைத்ததுபோல் பொருபொருவென்று இருந்தது. உருக்கி அச்சில் ஊற்றிய துத்தநாகக் கலவை. மேலே நிக்கல் பூச்சு பளபளக்கும். உள்ளே இரும்பின் உறுதி கிடையாது. வளையாது, முன்கூட்டி எச்சரிக்காது, ஒரு நாள் முறியும். மொத்த விலைக்கு வாங்கினால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கொக்கியை நம்பித்தான் 5 லட்சம் ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவர் போனது கோட்டைப் பகுதிக்கு. சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தின் எதிர்ப்புறத்தில், போரா பஜார் தெருவையும் அதைச் சுற்றிய சந்துகளையும் ஒட்டி மும்பையின் கேமராக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. லென்ஸ் வாங்க, விற்க, வாடகைக்கு எடுக்க, ரிப்பேர் பார்க்க எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் உண்டு. வாருக்கு மட்டும் ஆள் இல்லை. முதல் கடைக்காரர் பையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் புதுப் பைகளை மேசையில் அடுக்கினார். இரண்டாவது கடையில் எந்தப் பைக்கும் பொருந்தும் வார் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதன் இரு முனையிலும் அதே கொக்கி. மூன்றாவது கடையில் ஷட்டர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கேமரா வேலை இல்லை. தையல் வேலை. தாராவிக்குப் போ" என்றார் இந்தியில்.

பெரியவர் சொன்னதில் வரலாறும் இருக்கிறது. கேமராப் பை என்ற பொருளே தையல்காரர்கள் தந்ததுதான். இன்று உலகமெங்கும் புகைப்படக்காரர்கள் மதிக்கும் பில்லிங்ஹாம் பைகள் 1973-ல் இங்கிலாந்தில் தூண்டில் போடுகிறவர்களுக்காகத் தைக்கப்பட்டவை. நியூயார்க்கில் அந்த மீன்பிடிப் பைகளை வாங்குகிறவர்கள் அவற்றில் கேமராவைத் திணித்துக்கொண்டு அலைகிறார்கள் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் கம்பெனிக்கே தெரியவந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜிம் டொம்கே, 1970-களில் தனக்கும் சக ஊழியர்களுக்கும் சரிப்பட்டு வரும்படி ஒரு கேன்வாஸ் பையை வடிவமைத்தார். அதன் வாரில் கொக்கியே கிடையாது. பருத்தி நாடா பையின் பக்கவாட்டில் இறங்கி, அடிப்பாகத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறும். தூளி குழந்தையைத் தாங்குவதுபோல் பையை அடியிலிருந்து தாங்கும். தோளில் வழுக்காமல் இருக்க நாடாவுக்குள்ளேயே ரப்பர் நூலைச் சேர்த்து நெய்திருந்தார்கள்.

பிற்பாடு பைகள் மலிந்தபோது, தனித்தனியாகச் செய்து கடைசியில் மாட்டிவிடுவது தொழிற்சாலைக்கு எளிதாக இருந்தது. தூளி போய்க் கொக்கி வந்தது. பையின் முழுக் கனமும் சுண்டுவிரல் அளவுள்ள இரண்டு உலோகத் துண்டுகளின் மேல் ஏறியது.

மாஹிமிலிருந்து தாராவிக்குள் நடப்பவர்கள் முதலில் கடப்பது பதின்மூன்றாம் காம்பவுண்டு. மும்பை தூக்கியெறியும் பிளாஸ்டிக்கும் தகரமும் தரம் பிரிக்கப்படும் இடம். உருகும் பிளாஸ்டிக்கின் வாடை மூக்கில் ஏறும். அதைத் தாண்டி அறுபது அடி சாலை, தொண்ணூறு அடி சாலை. அங்கே மும்பை சட்டென்று தமிழுக்கு மாறிவிடுகிறது. வாழைத்தார் தொங்கும் பெட்டிக்கடை, தமிழ்ப் பலகைகள், இட்லிப் பானையின் ஆவி. தாராவியில் 1887-ல் எழுந்த படி மசூதியும், 1913-ல் வந்த கணேசர் கோயிலும் தமிழர்களின் கைங்கர்யம். தோல் பதனிடும் தொழிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. நாற்றம் பிடித்த அந்தத் தொழிலை ஊருக்கு வெளியே, மாஹிம் சிற்றோடையின் சதுப்புக் கரைக்குத் தள்ளினார்கள். பிறகு ஊர் வளர்ந்து தாராவியைச் சூழ்ந்துகொண்டது. அன்றைக்கு ஊரின் ஓரமாக இருந்த இடம் இன்றைக்கு அதன் நடுமையம்.

திருநெல்வேலியிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-ல் தேவனாருக்குப் போனது. மாநகராட்சியின் கெடுபிடியும் கூடியது. தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் தோலை அறிந்த கைகள் அங்கேயே தங்கிவிட்டன. பதனிட்ட தோல் இப்போது வேலூர் வட்டாரத்திலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறது. தாராவி அதை வெட்டித் தைக்கிறது. சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையின் கண்ணாடிக் கடைகளில் குளிர்சாதனக் காற்றில் தொங்கும் பைகள் பல, பின்னாலிருக்கும் சந்துகளில் மின்விசிறியின் சூட்டுக்காற்றில் பிறந்தவை.

அப்படி ஒரு சந்துக்குள்தான் பையோடு நுழைந்தார் அவர். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். தலைக்கு மேல் மின்கம்பிகள், காலுக்குக் கீழ் சாக்கடையை மூடிய கல். பட்டறை மாடியில். மாடிக்குச் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. மேலே பத்தடிக்குப் பதினைந்தடி அறை. நான்கு தையல் மெஷின்கள், பீகாரிலிருந்து வந்த ஆறு தொழிலாளர்கள். பகலில் அது பட்டறை. இரவில் அவர்களுக்கு அதுவே படுக்கையறை. ரப்பர் சொல்யூஷன் வாடைக்கு நடுவில், தரையில் ஒரு மரப்பலகைக்கு முன் உட்கார்ந்து தோலின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார் முதலாளி. அறுபது வயதைத் தாண்டியவர். சந்துக்காரர்களுக்கு அவர் அண்ணாச்சி.

"வாங்க தம்பி. பையை இப்படி வைங்க" என்றவர், பையை வாங்கியதும் பார்க்கவில்லை. கையில் தொங்கவிட்டு இரண்டு முறை ஆட்டினார். "ஏழு கிலோ இருக்குமா?"

இருக்கும் என்றார் இவர்.

"எந்திரிச்சு நில்லுங்க. பையை மாட்டுற மாதிரி நில்லுங்க."

நின்றார். அண்ணாச்சி தள்ளி நின்று பார்த்தார். "வலது தோள் இறங்கிப் போச்சே. எத்தனை வருசமா இந்தப் பக்கமே மாட்டுறீங்க?"

பதினோரு வருடம். மெலிந்த வாரில் தொங்கும் கனம் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலிருக்கும் சதையை அழுத்துகிறது. பை வழுக்கி விழாமல் இருக்க அந்தத் தோளை நாள் முழுக்கத் தன்னறியாமல் தூக்கிப் பிடிக்கிறார்கள். இரவில் வலிக்கிறது, வருடங்கள் போனால் நிற்பதே சாய்ந்துபோகிறது. கணக்கு எளிது. இரண்டரை செ.மீ. அகல வார் தோளில் 12 செ.மீ. நீளத்துக்குப் படிந்தால் 30 சதுர செ.மீ. பரப்பு. ஏழு கிலோவை அதில் பரப்பினால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 230 கிராம். வாரை ஐந்து செ.மீ. அகலமாக்கினால் அது பாதியாகும். கனம் அப்படியேதான் இருக்கும், கடிக்காது. படி இறங்கும்போதும் ரயிலுக்கு ஓடும்போதும் ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கனம் குதித்து விழுவதால், நிற்கும்போது தாங்கும் வார் போதாது. அதைப்போல் பல மடங்கு தாங்க வேண்டும்.

"இரண்டு இஞ்சு பட்டா போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி. வாருக்கு அந்தச் சந்தில் பட்டா என்று பெயர். எந்தப் பட்டா என்பதில்தான் பேச்சு நீண்டது.

பருத்தி நாடா தோளுக்கு இதம். சட்டையைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. வட இந்தியாவில் கட்டில் பின்னும் அதே நிவார்தான். ஆனால் மும்பையில் மழைக்காலத்தில் மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நனைந்த பருத்தி உலர நாளாகும், பூஞ்சை பிடிக்கும். நைலான் பலசாலி, ஆனால் ஈரம் பட்டால் சற்று நீளும், வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் நைந்துபோகும். பாலியஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை, வெயிலையும் தாங்கும். கார் சீட் பெல்ட் அந்த நூலில் நெய்ததுதான். அதன் பட்டை சுமார் ஒன்றரை டன் இழுவைக்குக் கீழே அறுபடக் கூடாது என்கின்றன சர்வதேச விதிகள். சோர் பஜாரில் பழைய கார்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டை வாங்கிப் பையில் தைத்துக்கொள்ளும் புகைப்படக்காரர்கள் உண்டு. அறுந்துபோகாது. ஆனால் அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. தோளில் நிற்காமல் சறுக்கிக்கொண்டே இருக்கும். பலம் இருந்தும் பிடிப்பு இல்லாவிட்டால் தோள் மறுபடியும் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

முழுக்கத் தோலில் செய்தால் என்ன என்று கேட்டார் இவர்.

"பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஜூலையில பச்சையாப் பூக்கும்" என்று சிரித்தார் அண்ணாச்சி. எருமைத் தோல் உறுதியானது, ஆனால் கனம். ஆட்டுத் தோல் மிருது, ஆனால் தனியாக இழுவைக்கு ஆகாது. அதனால் தாங்குவதற்கு பாலியஸ்டர் பட்டா, தோளில் படியும் இடத்தில் மட்டும் தோல் மெத்தை என்று முடிவானது. மெத்தையின் அடிப்பக்கத்தில் தோலின் சொரசொரப்பான உள்முகம் வெளியே தெரியும்படி தைத்தால் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். கறுப்புச் சாயம் போட்ட தோல் வேண்டாம், வியர்வையில் சாயம் இறங்கினால் கல்யாண வீட்டுக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டை பாழ் என்றார். அலமாரியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு துண்டை எடுத்தார். திண்டுக்கல், திருச்சிப் பக்கத்தில் மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதனிடும் ஈ.ஐ. தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறியது. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். மழை பெய்த காட்டு வாசம்.

அடுத்துக் கொக்கி. இதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

இவருக்கு மார்புக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் பக்கிள் வேண்டும். இரண்டு பக்கமும் அழுத்தினால் பட்டென்று விடுபட வேண்டும். காரணம் ரயில். மும்பைப் புறநகர் ரயில்களின் நெரிசலை ரயில்வேயே தனிப் பெயரிட்டு அளக்கிறது: ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பது. தானாக மூடும் கதவு 2017 கடைசியில் வந்த குளிர்சாதன ரயில்களில்தான் முதலில் வந்தது; சாதாரணப் பெட்டிகளின் கதவுகள் திறந்தே கிடக்கும். குறுக்கே மாட்டிய வார் கம்பியில் சிக்கினாலோ, இறங்குகிற கூட்டம் பையை இழுத்துக்கொண்டு போனாலோ, பையோடு ஆளும் போவார். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ராவுக்கு அருகே எதிரெதிராகக் கடந்த இரண்டு நெரிசல் ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் உரசி விழுந்து சிலர் இறந்தார்கள். காரணம் தொங்கியவர்களின் முதுகுப்பைகளா, தண்டவாளமா என்று சர்ச்சை நடந்தது. அதற்குப் பிறகு அந்த வழியில் தினம் போகிறவர்கள் தங்கள் பையின் வாரை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

"எவனாவது பையை இழுத்தா நானும் சேர்ந்து போயிருவேன் அண்ணாச்சி" என்றார் இவர்.

அண்ணாச்சி ஒப்பவில்லை. "பட்டாவுல நடுவுல பிளாஸ்டிக் வச்சா, முதல்ல உடையிறது அதுதான். வெயில்ல கெடந்தா சொல்லாமக் கொள்ளாம உடையும். நீங்க அமுக்கித் திறக்கிறதைத் திருடனும் அமுக்கித் திறப்பான்லா?"

மெஷினில் இருந்த பையன்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் வழி சொன்னது அவர்களில் ஒருவர். பின்பக்கத்தை நிரந்தரமாகத் தைத்துவிடலாம். முன்பக்கத்தில் மட்டும், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு எஃகுக் கொக்கி. கனம் தொங்கும்போது அது திறக்காது. ஒரு கையால் பையைச் சற்றுத் தூக்கினால்தான் மறு கையால் திறக்க வரும். எனவே திருடனுக்கும் எளிதல்ல, தானாகவும் கழலாது. கூடவே பையின் மேல்பக்கம் அகலமான ஒரு கைப்பிடி. ரயில் நடைமேடைக்கு வரும்போதே வாரைக் கழற்றிப் பைக்குள் செருகிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஏறுவது.

"ரயில்ல பட்டா போடவே கூடாது. அதுக்கு ஊசி நூல்ல மருந்து கிடையாது தம்பி" என்றார் அண்ணாச்சி. இவர் சற்று நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகுதான் தாராவியின் சூட்சுமம் தெரிந்தது. அந்தப் பட்டறையில் இருந்தது தோலும் நூலும் மெஷினும் மட்டுமே. பட்டா இல்லை, வளையம் இல்லை, ஃபோம் இல்லை. ஒரு பையன் ஏணியில் இறங்கினான். நாடா ரோல்கள் விற்கும் கடை இரண்டு சந்து தள்ளி. மூன்று மீட்டர் கேட்டாலும் வெட்டித் தருவார்கள். வளையமும் கொக்கியும் விற்கும் கடை அதற்கு எதிரே. அங்கே அவன் டி வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, முனை சேரும் இடத்தில் பற்றவைத்தவற்றை மட்டும் பொறுக்கினான். பற்றவைக்காத வளையம் கனம் ஏறும்போது வாய் திறந்துவிடும். ஃபோம் ஷீட் ஒரு சந்தில், கெட்டி நூல் இன்னொன்றில். பையின் பக்கவாட்டில் தைக்க வேண்டிய சிலிண்டர் மெஷின் அண்ணாச்சியிடம் இல்லை; மூன்றாவது வீட்டு மாடியில் இருக்கிறது. தட்டையான மெஷினில் பைக்குள் ஊசி போகாது. சிலிண்டர் மெஷினில் கை மாதிரி நீளும் இரும்பின் மேல் பையைக் கவிழ்த்து மாட்டித் தைக்கலாம். வாடகை கிடையாது. அந்த வீட்டுக்காரருக்குத் தோல் ஓரம் சீவ வேண்டுமானால் அவர் இங்கே வருவார்.

பையன் திரும்பி வர இருபது நிமிடம். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவன் கொடுத்தது நானூறு ரூபாய்க்குள்.

வேலை மூன்று மணி நேரம் நடந்தது. முதலில் பையின் உள்துணியின் தையலைப் பிரித்தார்கள். ஐந்து செ.மீ. பட்டா பக்கவாட்டில் இறங்கி, அடிப்பாகத்தைச் சுற்றி, மறுபக்கம் ஏறியது. ஜிம் டொம்கேயின் பெயரை அண்ணாச்சி கேள்விப்பட்டதில்லை. "மூட்டையைத் தலையில தூக்கினவனுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டாம். கனத்தை அடியில இருந்து தாங்கணும்" என்றார். வெட்டிய முனைகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழை பிரியாமல் உருக்கி ஒட்டினார்கள். பாலியஸ்டர் நூலால் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்தார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு வரிசை இழுவைக்கு நேராக நிற்கும். தையலை நெருக்கிப் போடவும் விடவில்லை அண்ணாச்சி. தோலில் ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலைத் தாள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். மெத்தையின் ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, மடித்து, ரப்பர் சொல்யூஷனில் ஒட்டி, பிறகு தைத்தார். நீளத்தை மேசையில் அளக்கவில்லை. பையை இவர் தோளில் மாட்டி, நடக்கச் சொல்லி, இடுப்பெலும்புக்கு மேல் பை உட்காரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். இந்த முறை இடது தோளில்.

எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண் நூல் பிசிறுகளைக் கத்தரித்துக் கொடுத்தார். சாதாரண நாட்களில் ஒரு பைக்கு இவ்வளவு என்று கணக்கு. இதற்குக் காசு வாங்கவில்லை. ஒற்றைப் பைக்கு என்ன காசு என்று கேட்டுவிட்டார்.

கடைசியில் பரிசோதனை. உத்தரத்தில் மீன் தராசு ஒன்று தொங்கியது. கேமராக்களை வெளியே எடுத்துவிட்டு, பைக்குள் பழைய இரும்பு அச்சுகளைப் போட்டார்கள். முள் 25 கிலோவைக் காட்டியபோது அண்ணாச்சி கை காட்டினார். "டீ குடிச்சிட்டு வருவோம். அறுந்தா இங்கேயே அறட்டும்."

டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் போனது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மாநில அரசு 2004-ல் ஒப்புதல் தந்ததிலிருந்து டெண்டர்கள் வந்தன, போயின. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தை வென்றது. 2023 ஜூலையில் அரசு பணியை ஒப்படைத்தது. சுமார் 600 ஏக்கர் பரப்பில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு தாராவிக்குள்ளேயே இலவசம் என்பது அறிவிப்பு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம்.

இந்தத் திட்டத்தை வரவேற்கிறவர்கள் தாராவியில் உண்டு. கக்கூசுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும், மழையில் சாக்கடை வீட்டுக்குள் ஏறிவருவதைக் கண்டவர்களுக்கும், 350 சதுர அடியும் சொந்தக் கழிப்பறையும் சாதாரண விஷயமல்ல. டீக்கடைக்காரரே அந்தக் கட்சிதான். "என் பெண்ணு அந்த ஏணியில ஏறி இறங்க வேண்டாம்லா அண்ணாச்சி" என்றார் அவர்.

அண்ணாச்சியின் வீடு தரைத்தளத்தில். தனக்கு வீடு கிடைக்கும் என்று நம்புகிறார். பட்டறை மாடியில். நாடாக் கடைக்காரர் ஒரு கட்டடத்தில், வளையக் கடைக்காரர் இன்னொன்றில், சிலிண்டர் மெஷின்காரர் ஊருக்கு வெளியே, பீகார்ப் பையன்கள் எங்கேயோ என்று பிரிந்துவிட்டால், ஆயிரம் பைக்கு ஆர்டர் எடுப்பவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார். லாரி வைத்துச் சாமானைக் கொண்டுவந்து இறக்குவார். ஒற்றைப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு யார் மூன்று மீட்டர் பட்டா வாங்க ஐந்து கிலோமீட்டர் போவார்கள்? "வீடு தருவாங்க. சந்தைத் தருவாங்களான்னு யாரும் கேக்கலை" என்றார் அண்ணாச்சி. டீக்கடைக்காரர் பதில் சொல்லாமல் கிளாஸ்களைக் கழுவினார்.

திரும்பி வந்தபோது தராசு முள் 25-லேயே நின்றது. தையலில் ஒரு நூலும் விலகவில்லை. அச்சுகளை எடுத்துவிட்டுக் கேமராக்களை உள்ளே வைத்தார்கள். சாமானும் கூலியுமாக 900 ரூபாய். போரா பஜாரில் காட்டிய புதுப் பைகளில் மிக மலிவானது 8,000. இவர் ஆயிரமாகக் கொடுத்தார். அண்ணாச்சி நூறைத் திருப்பித் தந்துவிட்டார்.

"மழைக்கு முன்னால ஒரு தரம் கொண்டு வாங்க. மெத்தைக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தாரேன். இங்கயே இருந்தோம்னா" என்றார்.

உடைந்த கொக்கி மரப்பலகை ஓரத்தில் கிடந்தது. பையன் அதை எடுத்து, மூலையிலிருந்த பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டான். அங்கே அதைப்போல் ஏற்கெனவே நிறையக் கொக்கிகள். டப்பா நிறைந்ததும் எடைக்குப் போகும். பதின்மூன்றாம் காம்பவுண்டில் தரம் பிரித்து, உருக்கி, வேறு ஏதோ ஒன்றாக அச்சில் ஊற்றுவார்கள்.

மாஹிம் நிலையத்தில் மாலை நெரிசல் தொடங்கியிருந்தது. இடது தோளில் பை புது இடத்தில் உட்கார்ந்திருந்தது. பழகாத அந்தத் தோள் இன்னும் அதை நம்பவில்லை. தாதர் போகும் ரயிலின் வெளிச்சம் தெரிந்ததும் அவர் பையை ஒரு கையால் சற்றுத் தூக்கினார், மறு கையால் கொக்கியைத் திறந்தார். வாரைச் சுருட்டிப் பைக்குள் செருகி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.